பழைய வீடு வாங்கும் முன் மொட்டை மாடியைப் பொறியாளரை வைத்துப் பார்ப்பது அவசியமா?

திருவான்மியூர்_தேடல்

எல்லோருக்கும் வணக்கம். திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகும் தூரத்தில், ஒரு அடுக்ககத்தின் மேல்தள வீடு பேசி முடியும் நிலையில் இருக்கிறது. 1998-ல் கட்டியது. மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் வழக்கறிஞர் பார்த்துச் சரி சொல்லிவிட்டார். வங்கி மதிப்பீட்டாளரும் வந்து அளந்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. வீடு முழுக்கப் பழைய பெயின்ட். ஹால் சீலிங்கும் ஒரு படுக்கையறை சீலிங்கும் மட்டும் புத்தம் புதிதாக இருக்கின்றன. கேட்டால் "பொங்கலுக்கு அடிச்சோம் சார்" என்கிறார் விற்பவர். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தட்டோடு பதித்திருக்கிறது, அதற்கு மேல் வெள்ளையாக ஏதோ பூசியிருக்கிறார்கள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றால், "வக்கீல் பார்த்தாச்சு, பேங்க் பார்த்தாச்சு, இன்னும் யாரு பார்க்கணும்?" என்கிறார் மாமனார். தரகரோ இந்த வாரமே அட்வான்ஸ் போடச் சொல்கிறார். உண்மையில் அந்த ஆய்வு தேவையா? வருகிறவர் என்னதான் பார்ப்பார்?

மேஸ்திரி_மகன்

தேவை சார். யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு சீலிங் மட்டும் புதுசு என்றால் அங்கே கறை இருந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகின இடத்தில் மஞ்சள் வட்டம் விழும். புட்டி தேய்த்து இரண்டு கோட் அடித்தால் அடுத்த மழை வரை வெளியே தெரியாது. நான் கட்டட வேலைதான் செய்கிறேன். வீடு விற்பதற்கு முன்னால் "சீலிங் மட்டும் அடிச்சுக் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. எல்லோரும் ஏமாற்றத்தான் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் வாங்குகிறவர் பார்வையில் அது கேள்வி கேட்க வேண்டிய இடம்.

ஹாலில் ஃபேன் கொக்கியைச் சுற்றியும் லைட் பாயின்ட் பக்கத்திலும் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் போகும் வயர் பைப் வழியாகத் தண்ணீர் ஓடி அங்கேதான் சொட்டும். மேலே விரிசல் ஒரு மூலையில் இருக்கும், கீழே ஒழுகல் வேறு அறையில் இருக்கும். அதனால் "இந்த ரூம்லதான் பிரச்சினை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கணக்குப்_புலி

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். எந்தப் பழைய வீட்டுக்கு இன்ஜினியரைக் கூட்டிப் போனாலும் நாலு குறை சொல்லத்தான் செய்வார், அது அவர் தொழில். நம்ம ஊரில் ஒழுகாத மாடி எங்கே இருக்கிறது? அனுபவம் உள்ள ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போய் தட்டிப் பார்த்தால் போதாதா? எப்படியும் வாங்கினதும் வாட்டர் ப்ரூஃபிங் பண்ணத்தான் போகிறோம். அந்தக் காசை இதற்கு ஏன் செலவு பண்ண வேண்டும்?

கடலூர்_பொறியாளர்

நான் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர். இந்த மாதிரி வீடுகளைப் பார்ப்பதே என் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வங்கி மதிப்பீட்டாளர். கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை என்ன விலைக்கு விற்கலாம் என்று வங்கிக்குச் சொல்வதுதான் அவர் பொறுப்பு. பரப்பு, இடம், வரைபட அனுமதி, கட்டடத்தின் வயது இதெல்லாம் அதில் வரும். மாடியில் தட்டோட்டைத் தட்டிப் பார்ப்பதோ கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று சோதிப்பதோ அதில் வராது. வழக்கறிஞர் பார்ப்பது காகிதத்தை. ஆக, இவ்வளவு பேர் பார்த்தும் கூரையை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாவது, கடல். இந்த வீட்டுக்கு இதுதான் முக்கியம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பாற்றுவது அதைச் சுற்றியிருக்கும் காரத்தன்மை. நல்ல கான்கிரீட்டில், காரத்தைக் காட்டும் பிஹெச் அளவு 12-க்கு மேல் இருக்கும், அந்த நிலையில் கம்பி துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறைந்து 9-க்குக் கீழே வந்துவிடும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்பில் உள்ள குளோரைடு கம்பியைத் தொட்டுவிட்டால், காரம் குறையாவிட்டாலும் துரு ஆரம்பிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்து, சீலிங்கிலிருந்து காரை பாளம் பாளமாக விழுகிறது.

கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டின் கனத்தை கவர் என்போம். 1998-ல் நடைமுறையில் இருந்தது, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456-ன் 1978 பதிப்பு. அதன்படி ஸ்லாபுக்குக் குறைந்தபட்ச கவர் 15 மி.மீ. 2000-ல் வந்த பதிப்பில் சாதாரணச் சூழலுக்கு 20 மி.மீ. என்றும், கடுமையான சூழலுக்கு 45 மி.மீ. என்றும் உயர்த்தினார்கள். கடலோரச் சூழல் அந்தக் கடுமையான வகையில்தான் வருகிறது. திருவான்மியூர் உப்புக்காற்றில் 15 மி.மீ. கவரோடு இத்தனை வருடம் நின்ற ஸ்லாபை ஒரு முறையாவது சோதிக்காமல் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொத்தனார் போதாதா என்று நண்பர் கேட்டார். நல்ல கொத்தனாரின் காது பெரிய கருவி. சுத்தியலால் தட்டி, டொப்பென்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் பொள்ளலாகக் கேட்பது வெறும் பூச்சுதானா, கம்பிக்குக் கீழே கான்கிரீட்டே பிரிந்துவிட்டதா, கம்பி எவ்வளவு கரைந்திருக்கிறது, இதையெல்லாம் காதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குச் சோதனை வேண்டும். கவர் மீட்டர் வைத்து கம்பியின் ஆழம் பார்ப்போம். சிறிதாக உடைத்த இடத்தில் ஃபினாப்தலீன் தெளிப்போம். காரம் இருக்கிற கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். அந்தக் கோடு கம்பியைத் தாண்டிவிட்டதா என்பது கண்ணுக்கே தெரியும். ஹாஃப் செல் என்ற சோதனையில் கம்பியின் மின்னழுத்தத்தை அளப்போம், அது மைனஸ் 350 மில்லி வோல்ட்டுக்கும் கீழே போனால் அங்கே துரு நடந்துகொண்டிருக்க வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு கான்கிரீட் தூளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் ரீபவுண்ட் ஹேமர் ஒன்றை மட்டும் வைத்து நாலு இடத்தில் அடித்துவிட்டு "கான்கிரீட் சூப்பர்" என்று அறிக்கை கொடுப்பார்கள். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும். கரியமில வாயு ஏறிய பழைய கான்கிரீட்டின் தோல் இறுகிப்போயிருக்கும். அதனால் எண் கூடுதலாகக் காட்டும். நோயாளி ஸ்லாபுக்கு நல்ல மார்க் கிடைக்கும். அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

எல்லா வீட்டுக்கும் இவ்வளவும் தேவையில்லை. முதல் நாள் கண்ணாலும் சுத்தியலாலும் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் மட்டும் மற்றவை.

திருவான்மியூர்_தேடல்

மிக்க நன்றி சார். வெள்ளைப் பூச்சு இருக்கிறதே, அது நல்லதுதானே? உத்தரவாதம்கூட இருக்கிறது என்கிறார் விற்பவர்.

மேஸ்திரி_மகன்

எப்போது பூசினார்கள், பூசுவதற்கு முன் கீழே என்ன செய்தார்கள் என்று தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது. சென்னையில் அந்தக் கால மாடி என்றால் ஸ்லாபுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்திருப்பார்கள், அதற்கு மேல் தட்டோடு. தட்டோட்டு இடுக்கை அடைக்கும் கலவை, அதாவது பாயின்டிங், போய்விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி செங்கல் ஜல்லி முழுக்க ஊறி நிற்கும். அது காயாமல் மேலே பூச்சு அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெயில் ஏறினதும் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும், கீழே ஸ்லாபை நனைத்துக்கொண்டே இருக்கும். பூச்சு உப்பியிருக்கிறதா, ஓரத்தில் உரிகிறதா என்று பாருங்கள்.

தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலை, மழைநீர் குழாய் வாய், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஏசி அவுட்டோருக்கும் டிஷ்ஷுக்கும் துளை போட்ட இடம் இதெல்லாம் விடாமல் பாருங்கள். ஒழுகல் பாதி இங்கேதான் ஆரம்பிக்கும். நடுத்தளம் கெடுவது பெரும்பாலும் அப்புறம்தான்.

கடலூர்_பொறியாளர்

மேஸ்திரி மகன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எனக்கு இதில் நிஜமான கவலை உண்டு. பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதற்கு மேலேயே இன்னொரு அடுக்கு போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். செங்கல் ஜல்லிக் கலவை கன மீட்டருக்கு 1,800 கிலோ போல வரும். 75 மி.மீ. கனத்தில் இன்னொரு தளம், மேலே ஓடு என்றால் சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டிவிடும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் விதிகள் வடிவமைப்பில் ஒதுக்கச் சொல்லும் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அதாவது ஆட்களும் மழைநீரும் தாங்க வேண்டிய பலத்தை அந்த இரண்டாவது அடுக்கே சாப்பிட்டுவிடும். கம்பி ஏற்கெனவே மெலிந்த ஸ்லாபில் இதைச் செய்வது ஆபத்து. படிக்கட்டு அறை வாசலில் நின்று பாருங்கள். வாசற்படி தளத்தோடு சமமாகவோ அதைவிடத் தாழ்ந்தோ இருந்தால், மேலே மேலே போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிப்ரவரி 2022-ல் குருகிராம் செக்டார் 109-ல் ஒரு அடுக்ககத்தின் ஆறாவது மாடித் தளம் உடைந்து, கீழே இருந்த வீடுகளையும் இழுத்துக்கொண்டு விழுந்ததை நினைவிருக்கும். இரண்டு பெண்கள் இறந்தார்கள். பிறகு ஐஐடி டெல்லி ஆராய்ந்தபோது கான்கிரீட்டில் குளோரைடு அதிகம் என்று தெரியவந்தது. அங்கே கடல் கிடையாது, கட்டடமும் பழையது இல்லை. அங்கேயே அப்படி என்றால் கடலோரத்தில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

கணக்குப்_புலி

சரி, சோதனை தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிக்கை வந்த பிறகு என்ன செய்வது? குறை இருக்கிறது என்று தெரிந்தால் வாங்காமல் விடுவதா? அப்படிப் பார்த்தால் யாரும் பழைய வீடே வாங்க முடியாதே.

கடலூர்_பொறியாளர்

நியாயமான கேள்வி. குறை உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் அறிக்கையால் பயனில்லை. எந்த வகைக் குறை என்று அது சொல்ல வேண்டும். குழாய் வாயில் இலை அடைத்து, வாட்டம் கெட்டு, தண்ணீர் தேங்குகிறது என்றால் அது சின்ன வேலை, தைரியமாக வாங்கலாம். ஜல்லித் தளத்தையே பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்றால் செலவு கணிசம். மதிப்பீடு வாங்கி அதை விலையில் குறைக்கச் சொல்லிப் பேசலாம், எழுத்தில் இருப்பதால் விற்பவரும் பெரும்பாலும் இறங்கி வருவார். கம்பி பரவலாகத் துருப்பிடித்து ஸ்லாபே பலவீனம் என்றால், எவ்வளவு விலை குறைத்தாலும் நான் என் வாடிக்கையாளரை வாங்கச் சொல்வதில்லை. அடுக்ககத்தில் ஒரு வீட்டு ஸ்லாப் மட்டும் கெட்டுப்போவது அபூர்வம், மற்ற வீடுகளும் அதே கான்கிரீட்தான்.

"எப்படியும் வாட்டர் ப்ரூஃபிங் பண்ணத்தான் போகிறோம்" என்றீர்களே, அங்கேதான் பணம் வீணாகிறது. மேல்தளக் குளியலறைக் குழாய் கசிவும், சுவர் விரிசல் வழியாக அடிக்கும் சாரலும்கூட மாடி ஒழுகல் போலவே தெரியும். காரணம் தெரியாமல் மாடி முழுக்கப் பூசினால் அடுத்த மழையில் அதே கறை திரும்ப வரும்.

இன்னொன்று: இலவசமாக வந்து பார்க்கிறோம் என்று பூச்சு விற்கும் ஆட்கள் சொல்வார்கள். அவர்களில் நேர்மையானவர்கள் உண்டு. ஆனால் அவர்களிடம் இருக்கும் மருந்து ஒன்றுதான், ஆகவே நோயும் அதுவாகத்தான் இருக்கும். கட்டணம் கொடுத்து, விற்பதற்கு எதுவும் இல்லாத ஒருவரை வைத்துப் பாருங்கள். வீட்டு விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

சங்கச்_செயலாளர்

அண்ணா நகரில் ஒரு அடுக்ககச் சங்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மேல்தளம் வாங்குகிறவர்கள் மாடியை மட்டும் பார்க்கிறார்கள், சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைக் கேட்பதே இல்லை. கேளுங்கள். மாடி ஒழுகலைப் பற்றி யார் புகார் கொடுத்தார்கள், என்ன தீர்மானம் போட்டார்கள், பணம் வசூலானதா எல்லாம் அதில் இருக்கும்.

மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்திலேயே பொதுப் பகுதிகளின் பட்டியலில் மொட்டை மாடி இருக்கிறது. ஆக, செலவு எல்லோர் தலையிலும்தான் விழ வேண்டும். ஆனால் நடைமுறையில், "எங்க வீட்ல ஒழுகலையே, நாங்க ஏன் கொடுக்கணும்?" என்று தரைத்தளத்தார் கேட்பார்கள். இதைப் பேசித் தீர்ப்பதற்குள் இரண்டு மழைக்காலம் ஓடிவிடும். எங்கள் சங்கத்தில் அந்த இழுபறியை முடித்து வைத்தது பொறியாளரின் அறிக்கைதான். கம்பி துரு மேல்தளத்தோடு நிற்காது, தூண் வழியாக எல்லோருக்கும் வரும் என்று படத்தோடு காட்டினார். அடுத்த கூட்டத்திலேயே பணம் வந்தது. அதனால் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, ஏற்கெனவே குடியிருக்கிறவர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். மும்பையில் 30 வயதைத் தாண்டிய கட்டடத்துக்குக் கட்டமைப்பு ஆய்வு சட்டப்படியே கட்டாயம். இங்கும் கட்டாயமாக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

புதிய அடுக்ககம் வாங்கியவர்கள் கவனத்துக்கு: அதே சட்டத்தில், வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ கண்டு சொன்னால், கட்டுநர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு முறை மாடியை முழுதாக ஆய்வு செய்து, எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பலர் ஆறாம் ஆண்டில் விழித்துக்கொள்கிறார்கள்.

திருவல்லிக்கேணி_மச்சு

இழை கான்கிரீட் பக்கமே போகிறது. எங்கள் வீடு மாதிரி மெட்ராஸ் டெரஸ் வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது சொல்லுங்களேன். தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புத் தளம் போட்ட மாடி. தாத்தா காலத்தது. விற்கவும் மனம் இல்லை, இடிக்கவும் மனம் இல்லை.

கடலூர்_பொறியாளர்

இடிக்கவே இடிக்காதீர்கள், நன்றாகப் பராமரித்தால் இன்னும் நெடுங்காலம் நிற்கும். அந்தக் கூரையின் உயிர் கட்டை முனையில் இருக்கிறது. சுவருக்குள் நுழையும் அரை அடி தூரம்தான் காற்றுப் படாமல், மழை ஈரம் ஊறி, மக்கும் இடம். கரையானும் அங்கேதான் நுழையும். நடுக்கட்டை பளபளவென்று இருந்தாலும் முனையைக் குத்திப் பார்க்க வேண்டும். திருப்புளி சுலபமாக உள்ளே இறங்கினால் அந்தக் கட்டைக்கு உடனே முட்டுக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். கட்டை நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். மேல்தளத்தைப் பழுது பார்க்கும்போது சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்பையே பயன்படுத்தச் சொல்லுங்கள். இறுகிய சிமென்ட் பூச்சு அந்தத் தளத்தின் அசைவுக்கு ஈடுகொடுக்காமல் விரிசல் விடும், ஈரத்தையும் வெளியே விடாது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். தேடிப் பிடியுங்கள், அதற்குத் தகும்.

நாகர்கோவில்_ஓட்டுவீடு

எங்கள் ஊர்ப்பக்கம் ஓட்டு வீடு வாங்குகிறவர்களுக்கு: ஓட்டை எண்ணாதீர்கள், அதைத் தாங்கும் மரங்களான கழிக்கோலையும் பட்டியல் சட்டத்தையும் பாருங்கள். உடைந்த ஓடு மாற்ற ஒரு மணி நேரம் போதும், மரம் போயிருந்தால் கூரையையே பிரிக்க வேண்டும். பகலில் பரணில் ஏறி விளக்கை அணைத்தால் வெளிச்சம் விழும் இடமெல்லாம் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் மட்டும் யாரும் மேலே ஏறக்கூடாது. பழைய ஷீட் சத்தமில்லாமல் உடையும், ஆள் நேராகக் கீழே வந்துவிடுவார்.

திருவான்மியூர்_தேடல்

மாமனாருக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன், சம்மதித்துவிட்டார். ஒரு சட்டக் கேள்வி. ஒழுகலை மறைத்து விற்றார் என்று பின்னால் தெரிந்தால் வழக்குப் போட முடியாதா?

சங்கச்_செயலாளர்

சொத்து மாற்றுச் சட்டம், 1882-ன் 55-வது பிரிவு இருக்கிறது. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை, அது தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். "சாதாரணக் கவனம்" என்ற இடத்தில்தான் வாதம் வரும். மாடியில் ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். வழக்கு நடத்தும் ஆண்டுகளையும் யோசியுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, பெரிய தொகை கைமாறும் முன் ஆய்வை முடிப்பது. அவசரமாக அட்வான்ஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் சிறு தொகையாகப் போட்டு, "கூரை ஆய்வு அறிக்கையில் கட்டமைப்புக் குறை இருந்தால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வழக்கறிஞரிடம் சொன்னால் சரியான வாசகத்தில் எழுதித் தருவார்.

கடலூர்_பொறியாளர்

அந்த வரி எழுத மறுக்கும் விற்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் அந்த வீட்டுக்குள் போய் நில்லுங்கள். வெயில் காலத்தில் வாங்குவதாக இருந்தால் மாடியில் தண்ணீர் கட்டிப் பார்க்கலாம். குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல், ஓரிரு நாள் நிறுத்தினால் கீழே ஊறல் தெரியும். ஆனால் ஸ்லாபில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் இதைச் செய்யாதீர்கள். இரண்டு அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 50 கிலோ. பொறியாளர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கட்ட வேண்டும். சங்கத்தின் அனுமதியும் வேண்டும்.

மதுரை_மாடிவீடு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சொந்த வீடுதான், விற்கும் எண்ணம் இல்லை. மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மாடியில் 3 கிலோவாட் சோலார் போடப் போகிறோம், 78,000 ரூபாய் மானியம் வருகிறது. மாடி கட்டி 20 வருடம் ஆகிறது, இதுவரை ஒழுகவில்லை. எனக்கும் ஆய்வு தேவையா?

கடலூர்_பொறியாளர்

உங்களுக்கும் தேவை, அதுவும் பேனல் ஏறுவதற்கு முன்னால். பேனல் 25 வருடம் அங்கேயே நிற்கும். அதற்குள் தட்டோடு பெயர்க்க வேண்டி வந்தால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும், அது இரட்டைச் செலவு. பேனல்களின் எடை பொதுவாகப் பெரிய பிரச்சினை இல்லை, காற்று மேல்நோக்கி இழுக்கும் விசைதான் கவனிக்க வேண்டியது. கால்களை எங்கே, எப்படிப் பொருத்துகிறார்கள் என்று வரைபடம் கேளுங்கள். தட்டோட்டைத் துளைத்து ஜல்லித் தளத்தில் போல்ட் போட்டால் பிடிமானமும் இருக்காது, ஒழுகலுக்கும் வழி திறந்துவிடும். ஸ்லாப் வரை இறங்கி, துளையைச் சரியாக அடைத்து, மேலே கான்கிரீட் பீடம் கட்ட வேண்டும். துளையிடாமல் கனமான பீடங்களை மட்டும் வைத்து நிறுத்துவதாகச் சொன்னால் அந்தப் பீடங்களின் எடையையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். இப்போது வாட்டம், குழாய் வாய், கைப்பிடிச் சுவர் மூலை மூன்றையும் சரிசெய்துவிட்டு, பாயின்டிங் முழுக்கப் புதுப்பித்த பிறகு பேனல்காரரைக் கூப்பிடுங்கள். வேலை நடக்கும் நாளில் நீங்களும் மாடியில் இருங்கள்.